மலைநாட்டில் முதல் சவரக்கத்தி: வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மடக்குச் சவரக்கத்தி வாங்க ஆசைப்படும் இளைஞர்கள் முதலில் கேட்பது, எந்தக் கம்பனிக் கத்தி நல்லது என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, வீடு எந்தப் பக்கம் என்று. வட்டவளையா, மஸ்கெலியாவா, வெலிமடையா, நுவரெலியா டவுனா என்பது தெரியாமல் கத்தியைப் பற்றிப் பேச எனக்கு வராது. வெளிநாட்டார் எழுதும் ஆலோசனைகள் பெரும்பாலும் காய்ந்த அறைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆடி மாதத்தில் துவைத்த சட்டை நாள்கணக்கில் கொடியில் கிடந்தும் ஈரம் போகாத வீட்டில், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய எஃகு விளிம்பைக் காப்பாற்றுவது வேறு வேலை.

ஆகவே முதல் கத்தியைப் பெயரோ அழகோ தீர்மானிக்க வேண்டாம். அதை எங்கே காய வைக்கப் போகிறீர்கள், கூர் போனால் யார் மீட்டுத் தருவார் என்ற இரண்டு கேள்விகள் தீர்மானிக்கட்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கத்தியின் உறுப்புகள்

பேச வசதியாகச் சில பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். தோலில் படும் கூர் விளிம்பு வாய். அதற்கு எதிர்ப்புறம் தடித்திருப்பது முதுகு. இரண்டுக்கும் நடுவில் உள்ள தகடு அலகு. அலகு மடங்கி உள்ளே போகும் இரட்டைத் தகடு பிடி. பிடிக்கு வெளியே வளைந்து நிற்கும் வால், விரல் ஊன்றுவதற்கு. எல்லாம் ஒரே ஓர் ஆணியில் சுழல்கிறது.

இதில் புதியவர்கள் கவனிக்காமல் விடுவது முதுகு. சமையல் கத்தியைத் தீட்டும்போது எந்தச் சாய்வில் பிடிப்பது என்று கைதான் முடிவு செய்கிறது. சவரக்கத்தியில் அப்படியில்லை. முதுகும் வாயும் இரண்டும் ஒரே நேரத்தில் கல்லில் படிந்தபடி தேய்கின்றன. முதுகின் தடிப்பும் அலகின் அகலமும் சேர்ந்து கூரின் கோணத்தை ஏற்கெனவே நிர்ணயித்துவிட்டன. பெரும்பாலான கத்திகளில் அது இரு பக்கமும் சேர்த்து 16, 17 பாகைக்கு அருகில் இருக்கும். முதுகு கோணலாகத் தேய்ந்துவிட்டால் கோணமும் கெட்டுவிடும். பழைய கத்தி வாங்கும்போது இந்த விஷயம் பெரிதாக உதவும்; பிறகு அதற்கு வருகிறேன்.

சலூனில் பார்க்கும் கத்தி

இன்று ஹட்டனிலோ பதுளையிலோ ஒரு சலூனுக்குப் போனால் அங்கே கையில் எடுப்பது இரட்டை முனை பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகும் கத்தி. ஒவ்வொரு ஆளுக்கும் புது பிளேடு. ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. போன்ற நோய்கள் இரத்தம் பட்ட அலகின் வழியே பரவலாம் என்பதால் இது சரியான மாற்றம். அந்தக் கத்தியும் மடக்குக் கத்திதான். ஆனால் தீட்டும் கத்தி அல்ல.

இரண்டில் எது உங்களுக்கு? வார் அடிக்கவும், அதாவது தோல் பட்டையில் இழுத்துக் கூரைச் சீராக்கவும், காய வைக்கவும் தினமும் பத்து நிமிடம் ஒதுக்க முடியாதவர், அல்லது ஐந்தாறு பேர் ஒரு காம்பராவில் இருந்துகொண்டு தனக்கென ஒரு பூட்டிய பெட்டிகூட இல்லாதவர், பிளேடு மாற்றும் கத்தியையே வாங்கட்டும். அது குறைவான தேர்வு அல்ல. செலவு குறைவு, பிளேடு எந்தக் கடையிலும் கிடைக்கும், துருப்பிடித்தால் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்று செருகலாம்.

ஆனால் அதைத் தீட்டும் கத்திக்கான பயிற்சி என்று நினைத்து வாங்க வேண்டாம். அந்த பிளேடு மிக மெல்லியது, எடை இல்லாதது, சாய்வில் சிறு பிசகு வந்தாலும் தோலை வெட்டும். தீட்டும் கத்தியின் எடையே பாதி வேலையைச் செய்கிறது. கை அழுத்தக் கூடாது. ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் மறுபடி பழக வேண்டும்.

உங்கள் மழை எந்தப் பக்கம்

எஃகைத் தேர்வதுதான் நம் ஊரில் முதல் முடிவு. இரண்டு வகை உண்டு. ஒன்று கார்பன் எஃகு. மற்றது ஸ்டெயின்லெஸ் எனும் துருவேறா எஃகு. துருவேறா எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது மேற்பரப்பில் ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலமாகி ஈரத்தைத் தடுக்கிறது. கார்பன் எஃகில் அந்தக் காவல் இல்லை.

உலகம் முழுக்கப் பழகியவர்கள் கார்பன் எஃகைத்தான் விரும்புகிறார்கள். கல்லில் சீக்கிரம் கூர் ஏறும், வாரில் மென்மையாக இணங்கும். துருவேறா எஃகு கல்லில் பிடிவாதம் காட்டும். ஆனால் ஏறிய கூர் நீண்ட நாள் நிற்கும். ஐரோப்பாவில் இருந்தால் நானும் கார்பன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இங்கே நிலைமை வேறு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மலைகளின் மேற்குச் சரிவில் மோதுகிறது. கினிகத்தேனை, வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா பக்கமெல்லாம் அந்த மாதங்களில் வெயில் முகம் காட்டுவதே அரிது. வட்டவளை இலங்கையிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஊவா பக்கம், அதாவது பதுளை, பண்டாரவளை, வெலிமடையில் அதே மாதங்களில் காற்று வறண்டு வீசும்; அங்கே ஈரம் வருவது வருடக் கடைசியில் தொடங்கும் வடகீழ் பருவமழையோடு. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் மழையோடு மூடுபனியும் குளிரும் சேர்ந்துகொள்கின்றன.

என் ஆலோசனை இது. மேற்குச் சரிவிலோ நுவரெலியா உயரத்திலோ வீடு இருந்தால் முதல் கத்தி துருவேறா எஃகாக இருக்கட்டும். ஊவா பக்கமோ கண்டி, மாத்தளைப் பள்ளங்களிலோ இருந்தால் கார்பன் எஃகை நம்பி வாங்கலாம். மழை மாதங்களில் மட்டும் கூடுதல் கவனம் போதும். கத்தியின் வாலிலோ அலகிலோ 'ஐநொக்ஸ்', 'ரொஸ்ட்ஃப்ரை' என்ற சொற்கள் பொறித்திருந்தால் அது துருவேறா வகை. ஹென்கல்ஸ் கம்பனியின் பழைய 'ஃபிரியோடூர்' கத்திகள் இந்த வகையில் தேடத் தகுந்தவை.

துரு என்றதும் சிவப்புக் கறை என்று மட்டும் நினைக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் கறை வருவதற்கு வெகு முன்பே வாயின் நுண்ணிய விளிம்பு ஈரத்தில் அரித்து உதிர்ந்துவிடும். நேற்று பட்டுப்போல் ஓடிய கத்தி இன்று மயிரைப் பிடுங்குகிறதென்றால், இரவில் அதன் வாயில் தண்ணீர் தங்கியிருந்திருக்கும்.

அகலம், குழிவு, நுனி

அகலத்தை அங்குலத்தின் எட்டில் எத்தனை பங்கு என்று சொல்வது உலக வழக்கம். 4/8 ஒடுங்கியது, 7/8 அகன்றது. முதல் கத்திக்கு 5/8, அதாவது சுமார் 16 மில்லிமீற்றர். 6/8 கிடைத்தாலும் குறையில்லை. அது சுமார் 19 மில்லிமீற்றர். அதற்கு மேல் அகன்றால் மூக்கின் கீழ் சுழலாது, ஒடுங்கினால் கை தடுமாறும்.

அலகின் இரு பக்கமும் உட்குழிவாகக் கடையப்பட்டிருக்கும். குழிவு ஆழமாக இருந்தால் ஃபுல் ஹாலோ. பாதி என்றால் ஹாஃப் ஹாலோ. குழிவே இல்லாமல் ஆப்பு வடிவில் இருந்தால் வெட்ஜ். ஃபுல் ஹாலோவின் வாய்ப்பக்கம் மிக மெல்லியது. மயிர் அறுபடும் ஓசையே கேட்கும், அந்த ஓசையைக் கேட்டுச் சாய்வைத் திருத்திக்கொள்ளலாம். வெட்ஜ் கனமானது, கல்லில் ஏற்ற நேரமெடுக்கும். முதல் கத்திக்கு வேண்டாம். தாடி மயிர் தடித்தவர்களுக்கு ஹாஃப் ஹாலோ நன்றாக ஒத்துவரும் என்பது என் அபிப்பிராயம்.

நுனி உருண்டையாகவே இருக்கட்டும். கூரான சதுர நுனி காதோரத்தையும் மீசைக் கோட்டையும் துல்லியமாக எடுக்கும். அதே துல்லியத்தோடு காது மடலையும் வெட்டும். ஜப்பானியக் கமிசோரிக் கத்திகளின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, பிடிக்கும் முறையும் வேறு. அவற்றைக் கை பழகிய பிறகு பார்க்கலாம். இடக்கைக்காரர்கள் தனிக் கத்தி தேட வேண்டியதில்லை. மேற்கத்தியக் கத்தியின் இரு பக்கமும் சமம்.

புதிது வாங்குவதானால்

தரமான புதுக் கத்திகள் பெரும்பாலும் சில ஊர்களிலிருந்து வருகின்றன. ஜேர்மனியின் சோலிங்கன் நகரின் பெயர் 1938 முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. அந்த வட்டாரத்தில் செய்யாத கத்தியில் அந்தப் பெயரைப் பொறிக்கக் கூடாது. 1869இல் தொடங்கிய போக்கர், 1906இல் தொடங்கிய டோவோ இரண்டும் அங்கேதான். பிரான்சின் தியேர் நகரில் 1884இலிருந்து தியேர் இஸ்ஸார் இருக்கிறது. இவற்றின் புதுக் கத்திகள் பொதுவாக நூறு யூரோவுக்கு மேல் போகும்.

மிகக் குறைந்த விலைக்குப் புதுக் கத்தி என்று இணையக் கடைகளில் வருபவற்றில் பல, கத்தியின் உருவம் மட்டும் கொண்டவை. எஃகு சரியாகப் பதப்படுத்தப்படாததால் கல்லில் எவ்வளவு தேய்த்தாலும் கூர் நிற்காது. புதியவருக்கு இதில் இன்னொரு தீமையும் உண்டு. சவரம் வலிக்கும்போது தவறு கத்தியிலா கையிலா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. பணம் குறைவாக இருந்தால் மலிவான புதுக் கத்தியைவிட நல்ல ஊரில் செய்த பழைய கத்தி எப்போதும் மேல்.

மத்திய கிழக்கிலோ ஐரோப்பாவிலோ இருந்து விடுமுறைக்கு வரும் அண்ணனிடமோ மாமாவிடமோ சொல்லி விடுவது நம்மவர் வழக்கம். அப்படியானால் கத்தியை விமானத்தில் ஏற்றும் பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

பழையது வாங்குவதானால்

மலைநாட்டில் துரைமார் காலத்துப் பொருட்கள் அவ்வப்போது விற்பனைக்கு வரும். பழைய சலூன்களின் மேசை இழுப்பறையிலும் கத்திகள் கிடக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரக் கத்திகள், அவற்றிலும் நட்சத்திரமும் சிலுவையும் பொறித்த ஜோசப் ரோஜர்ஸ், கனமான வேட் அண்ட் புட்ச்சர், இரட்டையர் முத்திரை கொண்ட ஹென்கல்ஸ் போன்றவை கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். அந்த இரட்டையர் முத்திரை 1731இல் பதிவானது. வயதைக் கணிக்கவும் வழி உண்டு. 'வி.ஆர்.' என்ற எழுத்து விக்டோரியா மகாராணி ஆண்ட 1837 - 1901 காலத்தைக் காட்டும். ஊர்ப் பெயரோடு 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயரும் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்ற சட்டம் அப்போதுதான் வந்தது.

வயதும் பெயரும் கத்தி வேலை செய்யும் என்பதற்குச் சான்றாகாது. கையில் எடுத்துச் சோதியுங்கள்.

கத்தியைத் திறந்து ஒரு கண்ணாடித் தகட்டில் படுக்க வையுங்கள். முதுகும் வாயும் முழு நீளத்துக்கும் படிய வேண்டும். ஒரு மூலையைத் தொட்டதும் ஆடினால் அலகு முறுக்கேறியிருக்கிறது, விட்டுவிடுங்கள். பிறகு முதுகைப் பாருங்கள். தேய்ந்த பட்டை இரு பக்கமும் ஒரே அகலத்தில், நுனி முதல் அடிவரை சீராக இருக்கிறதா? ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் இருந்தால் யாரோ கோணலாகத் தேய்த்திருக்கிறார்கள். முன்னே சொன்ன கோணம் அங்கே போய்விட்டது.

வாயின் வளைவு அடுத்தது. நேராக இருக்கலாம், நடுப்பகுதி சற்று வெளியே புடைத்தும் இருக்கலாம். நடுப்பகுதி உள்ளே குழிந்திருந்தால் அது கெட்ட கத்தி; அதைச் சீராக்க எஃகை நிறைய இழக்க வேண்டியிருக்கும். வாயை விளக்குக்கு நேரே தூக்கிப் பாருங்கள். ஒளிப் புள்ளி மின்னினால் அங்கே பல் விழுந்திருக்கிறது. பெரிய பல் விழுந்த கத்தியை ஒதுக்குங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் வெடிப்பைத் தேடுங்கள். மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று வாயிலிருந்து மேலேறினால் அந்தக் கத்தியை எந்தக் கைவினைஞரும் மீட்க முடியாது.

துரு எங்கே இருக்கிறது என்பது, எவ்வளவு இருக்கிறது என்பதைவிட முக்கியம். முதுகிலோ வாலிலோ கருமையான கறை இருந்தால் கவலையில்லை. வாய்க்கு மிக அருகில் குழிகுழியாக அரித்திருந்தால், தீட்டத் தீட்ட அந்தக் குழிகளே வாயாக வெளிவரும். இந்தக் காரணத்தால், கண்ணாடிபோல் மெருகேற்றி விற்கும் பழைய கத்திகளிடம் நான் எச்சரிக்கையாக இருக்கிறேன். மெருகுச் சக்கரம் குழிகளை மறைக்கும். சூடேறியிருந்தால் எஃகின் கடினத்தையும் கெடுத்திருக்கும்.

கடைசியாகப் பிடி. மடக்கும்போது அலகு இரு தகடுகளுக்கும் நடுவில் போய் இறங்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் வாய் கெடும். பழைய செல்லுலொய்ட் பிடிகள் சிதையும்போது அமிலப் புகை விட்டு அலகைத் துருவேற்றும். மற்றப் பக்கம் சுத்தமாக இருந்து, பிடிக்குள் மறையும் பகுதி மட்டும் துருவாக இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். யானைத் தந்தப் பிடி என்றால் கையே வைக்காதீர்கள். தந்தத்தின் சர்வதேச வணிகம் தடைசெய்யப்பட்டது. நம் காடுகளில் இன்னும் யானைகள் உயிரோடு இருக்கின்றன.

வாங்கிய பழைய கத்தியைச் சவர்க்காரத்தால் கழுவி, 70 சதவீத அற்ககோலால் இரண்டு பக்கமும் பிடியின் உள்ளும் துடைத்தெடுங்கள். கொதிதண்ணீரில் போட வேண்டாம், பிடி வளைந்துவிடும்.

சவரத்துக்குத் தயாராக இருக்கிறதா

தொழிற்சாலையிலிருந்து வரும் கூர் பல சமயம் முகத்துக்குப் போதாது. நேரடியாகக் கேளுங்கள்: கையால் கல்லில் ஏற்றிய கத்தியா? யார் ஏற்றினார்? கடைசியாக எந்தக் கல்? 'பெட்டியிலிருந்து எடுத்ததும் சவரம் செய்யலாம்' என்ற பொதுப் பேச்சைப் பதிலாக ஏற்காதீர்கள்.

வீட்டில் சோதிக்கத் தலைமயிர் ஒன்று போதும். வேர்ப்பக்கத்தைப் பிடித்துத் தொங்கவிட்டு, அசையாத கத்தியின் வாயில் மெதுவாக இறக்குங்கள். தொட்டதும் அறுந்தால் கூர் இருக்கிறது. பெருவிரலை வாயின் மேல் நீளவாக்கில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு; அது விரலையும் கெடுக்கும், வாயையும் கெடுக்கும்.

வார்

கத்தி வாங்கும் அன்றே வாரும் வாங்க வேண்டும். ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் தோல் வாரில் நாற்பது, ஐம்பது தடவை போய்வர இழுத்தால் வாயின் விளிம்பு நேராகும். முதுகை முன்னால் விட்டு, வாயைப் பின்னால் இழுத்துச் செல்ல வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்ப வேண்டும். வாய் ஒரு கணமும் தோலில் ஊன்றக் கூடாது. வேகம் வேண்டாம். திரைப்படத்தில் சலூன்காரர் அடிக்கும் வேகம் பழகிய கைக்கு உரியது.

புதியவர்கள் எல்லோரும் முதல் வாரை வெட்டுவார்கள். அதனால் முதல் வாருக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். ஆறு, ஏழு சென்ரிமீற்றர் அகலமுள்ள சாதாரண மாட்டுத்தோல் போதும். ஓரத்தில் தையல் இல்லாத, வர்ணம் பூசாத, உண்மையான தோல் இடுப்புப் பட்டியாலும் பழகலாம். வாரே கிடைக்காத நாட்களில் நேற்றைய வீரகேசரியை நான்காக மடித்து மேசையில் பரப்பி அதன் மேல் இழுங்கள். பத்திரிகைக் கடதாசி நல்ல வேலை செய்யும். நம் மூத்த சவரத் தொழிலாளர் பலர் அறிந்த வழி.

வாரைக் குளியலறையில் தொங்கவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றோட்டமுள்ள அறைச் சுவரில், அடுப்புப் புகை எட்டாத இடத்தில் தொங்கட்டும்.

கூர் போனால் யாரிடம் போவது

இதுதான் இரண்டாவது பெரிய கேள்வி. நன்றாகப் பராமரித்தாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கத்திக்குக் கல் தேவைப்படும். வாங்குவதற்கு முன்பே உங்கள் டவுனில் வயதான சலூன்காரர் யாராவது கல் வைத்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். பிளேடு மாற்றும் கத்தி வருவதற்கு முன் தொழில் கற்றவர்களின் கையில் அந்த வித்தை இருக்கிறது. மரியாதையாக 'ஐயா' என்று கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால், தீட்டித் தருவதோடு சொல்லியும் தருவார்கள். அந்தக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

யாரிடம் கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தெருவில் சக்கரம் சுழற்றிச் சாணை பிடிப்பவர் மன்னாக் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் நல்லவர். சவரக்கத்தியை அந்தச் சக்கரத்தில் வைத்தால் மெல்லிய வாய் நொடியில் சூடேறிக் கடினம் இழந்துவிடும். தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி தீட்டும் கல் எந்த வீட்டிலும் இருக்கும். அது சொரசொரப்பானது. அதில் சவரக்கத்தியை ஒரு தடவை இழுத்தாலே விழும் கீறல்களை அகற்ற மணிக்கணக்காகும்.

கற்களுக்குத் துகள் எண் உண்டு; எண் கூடக் கூடத் துகள் நுண்ணியதாகும். 1000 கல் வாயை உருவாக்கும், 4000க்கும் 8000க்கும் இடையிலுள்ளவை மென்மையாக்கும், 12000 முகத்துக்கு ஏற்றதாக்கும். பெல்ஜியத்தின் ஆர்டென் மலையில் எடுக்கும் கொட்டிக்கூல் போன்ற இயற்கைக் கற்களும் உண்டு. முதல் வருடம் 1000 கல்லை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கத்திகள் கெடுவது பெரும்பாலும் அந்தக் கல்லில்தான்.

பக்கத்தில் யாருமே இல்லாதவருக்கு ஒரு வழி: குரோமியம் ஒட்சைட்டுப் பசை. பச்சை நிறத்தில் இருக்கும். சவரக்கத்திக்கென விற்பதன் துகள் அரை மைக்ரோன் அளவு. இதை இன்னொரு தோல் துண்டிலோ தட்டையான மெல்லிய மரத்திலோ மெலிதாகப் பூசி, கத்தி மயிரைப் பிடுங்கத் தொடங்கும்போது பத்துத் தடவை மட்டும் அதில் இழுத்தால் கல்லுக்குப் போகும் நாளைப் பல மாதம் தள்ளிப்போடலாம். தினமும் பயன்படுத்தும் வாரில் இதைப் பூச வேண்டாம். ஒருமுறை ஏறினால் இறங்காது.

காய வைப்பது

சவரம் முடிந்ததும் அலகைக் கழுவி, மெல்லிய கடதாசியால் முதுகிலிருந்து வாயை நோக்கித் துடையுங்கள். ஆணியைச் சுற்றியும் பிடித் தகடுகளுக்கு நடுவிலும் கடதாசித் துண்டைச் செருகி இழுங்கள். தண்ணீர் ஒளிந்திருப்பது அங்கேதான். பிறகு உலர்ந்த துணியில் சில தடவை இழுத்து, குளியலறைக்கு வெளியே பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இரண்டு மணி நேரம் திறந்தபடி வையுங்கள். குளிர்ந்த கத்தியை ஆவி நிறைந்த அறைக்குள் கொண்டுபோனால் அதன் மேல் நீர்த்துளி படியும். நுவரெலியாவின் மார்கழிக் காலையில் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

பின்பு மூடி இறுக்கமான பெட்டியில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு பூட்டி வையுங்கள். தோலுறையில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துக் கத்தியிடம் கொடுக்கும்.

சில நாள் பயன்படுத்தாமல் வைப்பதானால் எண்ணெய் தேவை. கைக்கு முதலில் வருவது தேங்காய் எண்ணெய்தான். ஆனால் அது 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். நம் மலைகளில் போத்தலிலேயே கட்டியாகிவிடும் எண்ணெயை மெல்லிய படலமாகப் பூச முடியாது. தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் ஒரு துளி போதும். கிடைத்தால் ஜப்பானியர் கத்திக்குப் பூசும் கமேலியா எண்ணெய் மிகச் சிறந்தது. அது தேயிலையின் உறவுச் செடியொன்றின் விதையிலிருந்து பிழிவது. நம் தேயிலையின் தாவரவியல் பெயரும் கமேலியாதான். அந்த எண்ணெயைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

முதல் வாரங்கள்

மலைத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணீரோடு ஒப்பிட்டால் இங்கே பிரஷில் நுரை எளிதாகக் கட்டும். குளிர்தான் சிக்கல். சுடுதண்ணீரில் நனைத்த துவாயை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருந்தால் மயிர் தண்ணீரை உறிஞ்சி மென்மையாகும். அதற்குப் பிறகு நுரை.

முதல் வாரம் இரு கன்னங்கள் மட்டும். மீதியை வழக்கமான ரேசரால் எடுங்கள். மற்றக் கையால் தோலை இறுக்கிப் பிடித்து, முதுகைத் தோலிலிருந்து சுமார் 30 பாகை தூக்கி, மயிர் சாயும் திசையிலேயே சிறு சிறு இழுப்பாக இழுங்கள். பக்கவாட்டில் ஒருபோதும் நகர்த்தாதீர்கள். வெட்டு விழுவது அப்போதுதான். கன்னம் பழகியபின் கழுத்து, அதன்பின் மேலுதடு, எல்லாவற்றுக்கும் கடைசியில் நாடி. எதிர்த்திசையில் இழுப்பதை முதல் மாதம் நினைக்கவே வேண்டாம்.

சிறு கீறலுக்குப் படிகாரக் கட்டியை நனைத்துத் தடவுங்கள். நாட்டு மருந்துக் கடையில் சீனக்காரம் என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், முகத்தில் பருக்கள் பழுத்திருப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. உங்கள் கத்தி உங்களுக்கு மட்டும். கூடப்பிறந்த தம்பி கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கத்தி இழுக்கத் தொடங்கினால் முதலில் உங்கள் சாய்வைப் பாருங்கள், பிறகு வாரில் கூடுதலாக இழுத்துப் பாருங்கள், அதன்பின் பச்சைப் பசை, அதுவும் பலிக்காவிட்டால் கல் வைத்திருக்கும் ஐயாவிடம் கொண்டுபோங்கள். கத்தி அவரிடம் இருக்கும் நாட்களுக்கு இன்னொரு கத்தி வேண்டியிருக்கும். இரண்டாவதை அப்போது வாங்கலாம். கையும் முகமும் என்ன கேட்கின்றன என்று அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். மேற்குச் சரிவில் இருப்பவரும் அந்த இரண்டாவதைக் கார்பன் எஃகில் எடுத்துப் பார்க்கலாம்.